சிந்துபாத் ஸரந்தீபுக்கு எத்தனை தரம் வந்தான்?

பம்பலப்பிட்டியில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் நாற்பது வருடங்களாகக் குடியிருக்கிறேன். ஒழுங்கை முடிகிற இடத்தில் மெரைன் டிரைவ். அதைத் தாண்டினால் புகையிரதப் பாதை, கருங்கற்கள், பிறகு கடல். அஸர் தொழுகைக்குப் பின்னர் என் வீட்டு முன்விறாந்தையில் வந்து அமர்ந்து ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போகும் நண்பர் ஒருவர் இருக்கிறார். மத்ரஸா ஒன்றில் நெடுங்காலம் அரபு கற்பித்தவர். ஊரில் எல்லோரும் அவரை ஹஸரத் என்றே அழைப்பார்கள்; நானும் அப்படித்தான். அவர் கேட்ட ஒரு கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

2022ஆம் ஆண்டில் ஒரு பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்கு என்னைப் பேச அழைத்திருந்தார்கள். அந்த நாட்களில் எங்களுடைய மேடைகளில் யார் பேசினாலும் பேச்சு சுற்றிச் சுழன்று ஓரிடத்திலேயே வந்து நிற்கும்: நாங்கள் இந்த மண்ணுக்கு எப்போது வந்தோம்? 2019 ஏப்ரல் 21இல் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் நடந்த கொடுமைக்குப் பிறகு தெருவில், பஸ்ஸில், வங்கி வரிசையில் எங்கள் மீது விழுந்த பார்வைகளை நான் விவரிக்க வேண்டியதில்லை. அடுத்த வருடம் கொவிட் வந்தது. ஜனாஸாக்களை அடக்க இடமில்லை, எரிக்கத்தான் வேண்டும் என்றார்கள். 2021 பெப்ரவரி வரை அது நீடித்தது. மண் எங்களுக்குமுரியது என்று சொல்ல வேண்டிய நிலை யாருக்கு வந்தாலும், அவர் கையில் கிடைத்த எந்தச் சான்றையும் தூக்கிக் காட்டத்தான் செய்வார். நான் சிந்துபாத்தைத் தூக்கிக் காட்டினேன்.

"ஹாரூன் அர்ரஷீதின் காலத்திலேயே சிந்துபாத் இந்தத் தீவுக்கு இரண்டு தரம் வந்துபோனான். இரண்டாந்தரம் கலீபாவின் தூதனாகவே வந்தான்" என்று சொன்னேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். பெற்றோர் அதைவிடப் பலமாகத் தட்டினார்கள். எனக்கும் அன்றிரவு நல்ல நித்திரை.

மறுநாள் ஹஸரத் வந்தார். பிளேன்டீயில் பாதியைக் குடித்துவிட்டுக் கேட்டார்: "நேத்து நல்லாப் பேசினீங்களாம். சிந்துபாத் ரெண்டு தரம் வந்தான்டு சென்னீங்களாம். எந்த நுஸ்காவுல?"

எந்தப் பிரதியில் என்று கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை. சிறுவயதில் வாசித்த ஒரு புத்தகம், பிறகு ஆங்கிலத்தில் வாசித்த ஒன்று, அவ்வளவுதான் என் ஆதாரம். கதைக்கு எதற்கு நுஸ்கா என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் சிரித்துவிட்டு வேறு விஷயம் பேசினார். ஆனாலும் கேள்வி போகவில்லை. மாதக்கணக்கில் தேடிப் பார்த்த பிறகுதான் அவர் எவ்வளவு சரியான இடத்தில் கை வைத்தார் என்பது எனக்குப் புரிந்தது.

ஆறாவது பயணத்தில் சிந்துபாத் ஸரந்தீபுக்கு வருகிறான். இதில் பிரதிகளுக்கிடையே பிணக்கு இல்லை. கப்பல் உடைந்து, இரத்தினக் கற்கள் இறைந்து கிடக்கும் ஒரு கரையில் ஒதுங்கி, தோழர்கள் ஒவ்வொருவராக மடிய, மிஞ்சியவன் தெப்பம் கட்டி மலைக்கடியில் ஓடும் ஓர் ஆற்றில் இறங்கி, நினைவிழந்து, கண் விழிக்கும்போது எங்கள் தீவின் மனிதர்கள் அவனைச் சுற்றி நிற்கிறார்கள். அரசன் அவனை உபசரிக்கிறான். கலீபாவுக்குப் பரிசுகளும் கடிதமும் கொடுத்தனுப்புகிறான். ரிச்சர்ட் பர்ட்டனின் மொழிபெயர்ப்பில் தீவைப் பற்றிய ஒரு வர்ணனையும் உண்டு. பூமத்திய ரேகையின் கீழ் இருக்கிறதாம், இரவும் பகலும் பன்னிரண்டு மணித்தியாலமாம், மூன்று நாள் கடற்பயணத் தூரத்திலிருந்தே மலை தெரியுமாம். நாங்கள் இருப்பது பூமத்திய ரேகைக்கு ஆறேழு பாகை வடக்கே. பகல் இரவு வித்தியாசம் ஒரு மணித்தியாலத்தைத் தாண்டாது. கதை சொன்னவன் இங்கு வந்தானோ இல்லையோ, வந்த யாரோ ஒருவனிடம் கேட்டிருக்கிறான்.

சிக்கல் ஏழாவது பயணத்தில்தான். சிந்துபாத்துக்கு இரண்டு ஏழாவது பயணங்கள் இருக்கின்றன.

ஒன்றில், கலீபா பதில் பரிசுகளோடு அவனை மறுபடியும் ஸரந்தீபுக்கு அனுப்புகிறார். தூதை நிறைவேற்றித் திரும்பும் வழியில் கடற்கொள்ளையர் பிடித்து அவனை அடிமையாக விற்றுவிடுகிறார்கள். வாங்கிய எசமானுக்காக மரத்தில் ஏறியிருந்து யானைகளை எய்கிறான். கடைசியில் யானைகளே அவனைச் சுமந்துகொண்டு போய்த் தம் இனத்தின் எலும்புகள் குவிந்த இடத்தைக் காட்டுகின்றன. தந்தம் வேண்டுமானால் இங்கே எடுத்துக்கொள், எங்களைக் கொல்லாதே என்பது போல. மற்றதில் ஸரந்தீபும் இல்லை, யானையும் இல்லை. சீனக் கடலின் கடைக்கோடியில் கப்பலை விழுங்க வரும் மீன்கள், மாதத்தில் ஒருநாள் சிறகு முளைத்துப் பறக்கும் ஊரார், அவர்களில் ஒருவன் முதுகில் ஏறிப் பறக்கையில் அல்லாஹ்வைத் துதித்ததால் வந்த ஆபத்து, ஒரு திருமணம், வீடு திரும்பித் தௌபா. முதலாவது, 1814க்கும் 1818க்கும் இடையில் கல்கத்தாவில், கோட்டை வில்லியம் கல்லூரியில் கம்பனி உத்தியோகத்தர்கள் அரபு படிப்பதற்காக அச்சிடப்பட்ட பதிப்பில் வருவது. பிரெஞ்சுக்காரரான அந்துவான் கலானிடமும் இதுவே இருக்கிறது. மற்றது, 1835இல் கெய்ரோவின் பூலாக் அச்சகத்தில் வெளிவந்த பதிப்பிலும், 1839 தொடக்கம் 1842 வரை வெளிவந்த கல்கத்தா இரண்டாம் பதிப்பிலும் இருப்பது. பர்ட்டன் இரண்டையும் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

ஆக, சிந்துபாத் எங்கள் தீவுக்கு ஒரு தரம் வந்தானா, இரண்டு தரம் வந்தானா என்பது நீங்கள் எந்த அச்சகத்தை நம்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நான் எனக்கு வசதியான அச்சகத்தை நம்பியிருந்தேன், அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல்.

பழையது எதுவோ அதுவே அசல் என்று வைத்துக்கொள்ளலாமே என்று யாரும் கேட்கலாம். கேட்டவர்கள் இருக்கிறார்கள். ஈராக்கில் பிறந்த பேராசிரியர் முஹ்சின் மஹ்தி, கலான் பயன்படுத்திய பழைய சிரியக் கையெழுத்துப் பிரதியை அடிப்படையாகக் கொண்டு ஆயிரத்தொரு இரவுகளின் ஆய்வுப் பதிப்பை 1984இல் வெளியிட்டார். இரவுகளின் கணக்கு முந்நூறைக்கூட எட்டாத பிரதி அது. அதில் சிந்துபாத் இல்லை. அலாவுதீன் இல்லை. அலிபாபாவும் இல்லை. சிந்துபாத்தின் கதை தனிப் புத்தகமாக உலவிக்கொண்டிருந்தது. கலான் அதை முதலில் மொழிபெயர்த்து வைத்திருந்து, 1704 தொடக்கம் வெளியிட்ட தம் இரவுகளுக்குள் நுழைத்துவிட்டார். அலாவுதீனையும் அலிபாபாவையும் 1709இல் பரிஸில் அவருக்கு வாயால் சொன்னவர் ஹலப் நகரத்து ஹன்னா தியாப் என்ற மரோனைட் கிறிஸ்தவ இளைஞர். நாங்கள் எங்களுடைய இஸ்லாமியக் கதைச் செல்வம் என்று மேடைகளில் பெருமையடித்துக்கொள்கிற இரண்டு கதைகள் ஒரு கிறிஸ்தவச் சகோதரரின் நாவிலிருந்து வந்திருக்கின்றன. இதில் வெட்கப்பட எதுவுமில்லை. தெரிந்துகொள்ளாமல் இருந்ததில்தான் எனக்குச் சற்று வெட்கம்.

மஹ்தியின் பதிப்பை ஹுசைன் ஹத்தாவி 1990இல் அழகிய ஆங்கிலத்தில் தந்தார். அசல் மட்டும்தான், ஒட்டுக்கள் கிடையாது. ஐந்து வருடம் கழித்து, 1995இல், அதே ஹத்தாவி இரண்டாவது புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் தலைப்பிலேயே சிந்துபாத் இருக்கிறான். அறிஞர்கள் வாசல் வழியாக வெளியேற்றியவனை வாசகர்கள் யன்னல் வழியாக உள்ளே எடுத்துவிட்டார்கள். பிக்ஹு மொழியில் இதை இஜ்மாஃ என்று சொல்லலாமா என்று ஹஸரத்திடம் கேட்டேன். "அந்தச் சொல்ல எடுத்து இங்க போடாதீங்க" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

எந்த அறிவிப்பை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பதற்கு எங்களிடம் இருக்கும் ஒழுங்கு போல வேறெந்தச் சமூகத்திடமாவது இருக்குமா என்பது சந்தேகமே. யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார், இருவரும் சந்தித்திருக்க முடியுமா, ஞாபகசக்தி எப்படி, நாணயம் எப்படி என்று சல்லடை போட்டுச் சலித்தவர்கள் எங்கள் முஹத்திஸீன்கள். ஸஹீஹ், ளயீஃப், மவ்ளூஃ என்ற சொற்கள் கிதாபு ஓதாத எங்கள் பெண்களின் வாயில்கூடப் புழங்குகின்றன. மேற்கிலே கற்பனைப் பாத்திரத்துக்கு இப்படியொரு தரம் பிரிக்கும் பழக்கம் மிகப் பிந்தியது. ரொனால்ட் நொக்ஸ் என்பவர் 1911இல் ஒக்ஸ்போர்டில் ஷெர்லொக் ஹோம்ஸைப் பற்றிப் பாதி வேடிக்கையாக ஒரு கட்டுரை வாசித்தார். வேத ஆராய்ச்சியின் கருவிகளை ஒரு துப்பறிவாளன் மீது பிரயோகித்தார். இன்று கொனன் டொயிலின் 4 நாவல்களும் 56 சிறுகதைகளும் சேர்ந்த அறுபதும்தான் அசல் ஹோம்ஸ், மற்றவை புறம்பானவை என்று ரசிகர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அங்கே அது இலகு. எழுதியவர் ஒருவர், கையெழுத்துக்கும் சம்பளத்துக்கும் பதிவு உண்டு. சிந்துபாத்தை எழுதியவர் யார்? கி.பி. 851இல் எழுதப்பட்ட வணிகர்களின் பயணக் குறிப்புகளும், கடலோடிகளின் அதிசயக் கதைகளும், எங்கிருந்தோ வந்த வைரப் பள்ளத்தாக்கும் ஒற்றைக்கண் அரக்கனும் சேர்ந்து பிசைந்த மாவு அவன். போதாக்குறைக்கு, இப்னு அந்நதீம் பத்தாம் நூற்றாண்டில் தம் நூற்பட்டியலில் குறிப்பிடும் சிந்துபாத் கடலோடியே அல்லன். அவன் அரசகுமாரனுக்குப் பாடம் சொன்ன ஞானி, வேறு ஆள். பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் வேறு வீட்டு வாசலில் நிற்க நேரும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒருநாள் ஹஸரத்திடம், "பாருங்க, கதைக்கு இஸ்னாத் பார்க்க ஏலாது. ஆகவே நான் சென்னது பிழையில்ல" என்று வாதிட்டேன். அவர் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதைக்கு இஸ்னாத் தேவையில்ல. அது சரி. நீங்க அண்டைக்கு கதையா சென்னீங்க? ஷஹாதத் எல்லுவா சென்னீங்க?"

அந்தச் சொல் என்னைத் தைத்தது. சாட்சியம். ஆம், நான் அன்று கதை சொல்லவில்லை. கற்பனைப் பாத்திரம் ஒன்றைக் கூண்டில் ஏற்றிச் சாட்சி சொல்ல வைத்தேன். வேண்டியிருக்கவும் இல்லை. 1344இல் இப்னு பதூதா இங்கு வந்து பாவாதமலையில் ஏறியது அவரே சொன்ன பயணத்தில் இருக்கிறது. காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டில் சீனத்தோடும் தமிழோடும் பாரசீகமும் 1409ஆம் ஆண்டை வைத்துப் பொறிக்கப்பட்டிருக்கிறது. கொழும்பு நூதனசாலையில் யாரும் போய்ப் பார்க்கலாம். கல் இருக்கும்போது நான் காற்றைச் சாட்சிக்கு அழைத்தேன். காரணம் எனக்குத் தெரியும். கல்லுக்குக் கைதட்டு விழாது.

இதைவிடக் கனமான ஒரு விஷயமும் இருக்கிறது. ஒருவனைச் சாட்சியாக நிறுத்த வேண்டுமென்றால் அவன் நல்லவனாக இருக்க வேண்டும். அங்கேதான் கத்தரிக்கோல் வருகிறது.

அந்தப் பேச்சைக் கேட்ட ஒரு வெளியீட்டுக் குழுவினர் என்னைத் தேடி வந்தார்கள். பிள்ளைகளுக்காக சிந்துபாத்தை எங்கட தமிழில் எழுதித் தரும்படி கேட்டார்கள். 64 பக்கம். சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். எழுதிக் கொடுத்ததும் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. ஐந்தாவது பயணத்தில் கடற்கிழவனைத் தோளிலிருந்து இறக்க சிந்துபாத் அவனுக்கு மது கொடுக்கிறான் அல்லவா, அதை "மயக்கம் தரும் பழச்சாறு" ஆக்கியிருந்தார்கள். பிறகு அவன் தலையில் கல்லைப் போடுவதை வெட்டியிருந்தார்கள். ஆறாவது பயணத்தில் ஸரந்தீப் அரசன் கலீபாவுக்கு அனுப்பும் பரிசுகளில் மாணிக்கக் கிண்ணம் இருந்தது, அடிமைப் பெண் காணாமற் போயிருந்தாள். ஏழாவதாகத் தூது வரும் பயணத்தை மட்டும் வைத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தார்கள். நாலாவது பயணம் பாதியில் நின்றிருந்தது.

நாலாவது பயணத்தை முழுதாக வாசித்தவர்கள் எங்களில் குறைவு. சிந்துபாத் ஒரு நாட்டில் சேணம் செய்து கொடுத்துப் பணக்காரனாகி மணம் முடிக்கிறான். கணவன் மனைவியில் ஒருவர் மௌத்தானால் மற்றவரையும் உயிரோடு குழியில் இறக்குவது அந்நாட்டு வழக்கம். ஒரு குடம் தண்ணீர், சில ரொட்டிகள், அவ்வளவுதான் துணை. அவன் மனைவி இறக்க, அவனையும் இறக்கிவிடுகிறார்கள். ரொட்டி தீர்ந்து சாகக் கிடக்கும் வேளையில் மேலே கல் நகர்கிறது. இறந்த ஒருவனோடு அவன் மனைவி உயிரோடு இறக்கப்படுகிறாள். சிந்துபாத் ஒரு கால் எலும்பை எடுத்து அவளை அடித்துக் கொன்று, அவளுடைய ரொட்டியையும் தண்ணீரையும் நகைகளையும் எடுத்துக்கொள்கிறான். ஒருத்தியோடு நிற்கவில்லை. வழி கண்டுபிடித்து வெளியேறும்வரை, இறக்கப்பட்ட ஒவ்வொருவரையும் இப்படியே. பிறகு பக்தாதுக்கு வந்து அந்த நகைகளையும் விற்று வாழ்கிறான், ஸதகாவும் கொடுக்கிறான்.

இதை எட்டு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கத் தேவையில்லை என்பதை நானும் ஏற்கிறேன். வயதுக்கேற்பச் சொல்வது வேறு. ஆனால் குழுவிலிருந்து வந்த குறிப்பில் எழுதியிருந்த காரணம் வயது அல்ல. "முஸ்லிம் கதாநாயகன் ஒருவன் இப்படிச் செய்தான் என்று மாற்று மதத்தவர் வாசித்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்?" அந்தப் பயம் எனக்கு அந்நியமானதல்ல. மேடையில் நான் பேசியதும் அதே பயத்தில்தான். இரண்டு தரம் வந்தான் என்று கூட்டியவனும் நான், குழியில் கொன்றதைக் கழிக்கச் சொன்னவர்களும் என்னைப் போன்றவர்கள். ஒரே கை.

அந்தப் பயத்துக்கு நியாயமும் இல்லாமலில்லை. 1992இல் வெளிவந்த டிஸ்னியின் அலாவுதீன் படத்தில், முகம் பிடிக்காவிட்டால் காதை வெட்டும் நாடு என்று அரபு தேசத்தைப் பாட்டில் வர்ணித்தார்கள். ஆட்சேபங்கள் எழுந்த பின்னர் 1993இல் வீடியோவில் அந்த அடியை மாற்றினார்கள். 2003இல் ட்ரீம்வேர்க்ஸ் நிறுவனம் சிந்துபாத்தைப் படமாக்கியபோது பிரச்சினையை வேரோடு தீர்த்துவிட்டது: சிந்துபாத் அரபியே அல்லன். கதை நடப்பது சிராக்கியூஸில், தேவதைகளெல்லாம் கிரேக்கம். பக்தாது இல்லை, பஸ்ரா இல்லை. அதே வருடம் ஏப்ரலில்தான் உண்மையான பக்தாது வீழ்ந்தது. ஊரைக் குண்டு போட்டு எடுத்தார்கள், ஊராளைப் பெயர் மாற்றாமலே எடுத்துவிட்டார்கள் என்று அந்நாளில் நான் கோபத்தோடு ஒரு குறிப்பு எழுதினேன். இப்போதும் அந்தக் கோபம் இருக்கிறது. ஆனால் அந்தப் படம் சிந்துபாத்தை அரபி அல்லாதவனாக்கியதற்கும், எங்கள் குழு அவனைக் கொலை செய்யாதவனாக்கியதற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று அளந்து பார்க்கும்போது, நான் நினைத்திருந்த அளவு தூரம் இல்லை.

அப்படியானால் எதுதான் சிந்துபாத்? எல்லாவற்றையும் அனுமதித்தால் பெயரைத் தவிர எதுவும் மிஞ்சாது. பழையதை மட்டும் அனுமதித்தால் அவனே மிஞ்சமாட்டான்.

என் பிள்ளைப் பருவத்துச் சிந்துபாத்தை இங்கே சொல்லத்தான் வேண்டும். என் மாமா ஒருவர் வியாபார விஷயமாகக் காயல்பட்டினம் போய் வருவார். வரும்போது பொருட்களைச் சுற்றிய பழைய தினத்தந்தித் தாள்களை எனக்காக மடித்துக் கொண்டுவருவார். 1960இல் தொடங்கிய கன்னித்தீவு படக்கதையில் ஓர் சிந்துபாத் இருந்தான். மந்திரவாதி மூசாவால் சிறு உருவமாக்கப்பட்ட லைலாவை மீட்கப் போய், போய்க்கொண்டே இருந்தான். எனக்குக் கிடைத்தவை தொடர்ச்சியற்ற துண்டுகள். ஒன்றில் அவன் பாம்பின் வாயில் இருப்பான், அடுத்ததில் அரண்மனையில் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். இடையில் நடந்ததை நான் உண்டாக்கிக்கொள்வேன். அரபு மூலத்தில் லைலாவும் இல்லை, மூசாவும் இல்லை. 1958இல் ரே ஹரிஹவுசனின் பொம்மைகளோடு வந்த ஏழாவது பயணம் என்ற படத்திலும் இரண்டு ஏழாவது பயணங்களில் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் என் மனதில் சிந்துபாத்தின் முகம் தினத்தந்தியின் முகம்தான்.

மூத்தாப்பாவிடம் இன்னொருவன் இருந்தான். பேருவளையில் மாணிக்க வியாபாரி ஒருவரிடம் கணக்கெழுதியவர் அவர். எந்தப் புத்தகத்திலும் இல்லாத எட்டாவது பயணம் ஒன்றை எங்களுக்குச் சொல்வார். ஏழும் முடிந்து தௌபாச் செய்து வீட்டிலிருந்த சிந்துபாத்துக்கு, ஸரந்தீப் அரசனுக்கு ஏதோ ஒரு கடன் மிச்சமிருந்தது ஞாபகம் வந்ததாம். கடனோடு மௌத்தாகக் கூடாதென்று கிளம்பி வந்தானாம். பேருவளைக் கரையில் இறங்கினானாம். அரசன் இறந்துபோயிருந்தான். கடனை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் இங்கேயே தங்கிவிட்டானாம். "அப்ப அவன் கபுர் எங்க மூத்தாப்பா?" என்று கேட்டால், "கடன் தீந்தாத்தானே மௌத்தாகுவான்" என்பார்.

இவற்றில் எதைத் தள்ளுவது? கிழக்கில் எங்கள் ஊர்களுக்குப் பக்கத்து ஊர்களில் வைகாசிச் சடங்குக் காலத்தில் கண்ணகி கோயில்களில் படிக்கப்படுவது இளங்கோவின் சிலப்பதிகாரமல்ல, கண்ணகி வழக்குரை. அங்கே கண்ணகி மாங்கனியிலிருந்து பிறக்கிறாள். சிங்களவர்களின் பத்தினி தெய்யோவும் அப்படியே. பேராசிரியர்களுக்கு இளங்கோ, கோயிலில் வழக்குரை. மட்டக்களப்புப் பக்கத்து நண்பர் ஒருவரிடம் எது சரி என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "படிக்கிற இடத்தைப் பொறுத்தது" என்றார், அதிலென்ன சந்தேகம் என்பது போல. அவர்களுக்கு அது நம்பிக்கை, எனக்கு இலக்கியம். ஆகவே அந்த ஒப்புமையை இதற்கு மேல் இழுக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் இடத்தைச் சொல்லிவிட்டுப் படிக்கிறார்கள் என்பதைக் கவனித்தேன். வழக்குரையைக் கையில் வைத்துக்கொண்டு இளங்கோ சொன்னார் என்று யாரும் சொல்வதில்லை.

என் பிழை அங்கேதான் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். கதைக்கு இஸ்னாத் பார்ப்பது அதைத் தள்ளுவதற்காக அல்ல. யாருடைய வாய் என்று தெரிவதற்கு. பூலாக் சொன்னான், கல்கத்தா சொன்னான், ஹலப் இளைஞன் சொன்னான், தினத்தந்தி சொன்னது, மூத்தாப்பா சொன்னார். ஒவ்வொன்றும் இருக்கலாம், தன் பெயரோடு. மூத்தாப்பாவின் எட்டாவது பயணத்தை நான் மேடையில் சொல்லியிருந்தால் யாரையும் ஏமாற்றியிருக்கமாட்டேன். பெயரை மறைத்துச் சொன்னதால் வந்தது வினை. சித்திலெப்பை அவர்கள் 1885இல் அஸன்பேயுடைய சரித்திரத்தை வெளியிட்டபோது, மிஸ்ரு தேசத்துக் கதையை எழுதிய கண்டிக்காரர் தாம் என்பதை மறைக்கவில்லை. பர்ட்டனின் இரவுகள் வெளிவரத் தொடங்கியதும் அதே வருடம்தான். இரண்டும் ஒரே ஆண்டு என்பதைத் தவிர அவற்றுக்கிடையில் தொடர்பு எதுவும் இல்லை. சொல்லத் தோன்றியது, சொல்கிறேன்.

இந்த முடிவுக்கு வந்த பின்னர்தான் சிவப்பு மைப் பிரதியை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். பார்த்தபோது, வெட்டப்பட்டவற்றிலெல்லாம் பெரிய வெட்டு ஒன்றை நான் கவனிக்கவே இல்லை என்று தெரிந்தது. அது அவர்கள் வெட்டியதல்ல. 64 பக்கத்துக்குள் அடக்குவதற்காக நானே வெட்டியது. சுமைகூலி.

கதை அவனிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. பக்தாதின் வெயிலில் பாரம் சுமந்து களைத்த ஒருவன் பணக்கார வீடொன்றின் வாசலில் சுமையை இறக்கிவிட்டு, சிலர் மாளிகையிலும் சிலர் வெயிலிலும் ஏன் என்று வாய்விட்டு முறையிடுகிறான். உள்ளே இருப்பவனுக்குக் கேட்கிறது. கூப்பிட்டு உட்கார வைத்து, சாப்பாடு கொடுத்து, என் செல்வம் எப்படி வந்ததென்று சொல்கிறேன் கேள் என்கிறான். ஒவ்வொரு நாளும் நூறு பொற்காசு கொடுத்து அனுப்புகிறான். கலான் அந்தச் சுமைகூலிக்கு ஹிந்துபாத் என்று பெயர் வைத்திருக்கிறார். பூலாக்கில் அவன் பெயரும் சிந்துபாத். கடலோடி சிந்துபாத், தரையோடி சிந்துபாத். ஒரே பெயர், ஒருவன் உள்ளே, ஒருவன் வெளியே.

சுமைகூலியை எடுத்துவிட்டால் ஏழு பயணங்களும் வெறும் சாகசம். அவன் இருந்தால், குழியில் கொன்றதும் அடிமையாக விற்கப்பட்டதும் ஒரு கேள்விக்கான பதிலாகின்றன: உன் செல்வம் எங்கிருந்து வந்தது? அந்தக் கேள்விக்கு சிந்துபாத் பொய் சொல்லவில்லை. கொன்றேன் என்று ஓர் ஏழையின் முகத்தைப் பார்த்துச் சொல்கிறான். மது கொடுத்ததையும் கல்லைப் போட்டதையும் சொல்கிறான். அவனை நல்லவனாக்க நாங்கள் பட்ட பாட்டை அவன் படவே இல்லை. நான் ஏதாவதொன்றை இது இல்லாவிட்டால் அவன் சிந்துபாத் அல்ல என்று சொல்லத் துணிவேனென்றால், அது பஸ்ராவுமல்ல, ஸரந்தீபுமல்ல, அந்தத் திண்ணையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் கூலிக்காரன்தான். அந்த அளவுகோலின்படி என் தினத்தந்திச் சிந்துபாத்தும் வெளியே நிற்க வேண்டிவரும். அதற்கு எனக்கு மனமில்லை. அளவுகோலை வைத்துக்கொண்டே அவனையும் உள்ளே எடுத்துக்கொள்கிறேன். இது முரண்தான்.

பிரதியைத் திருத்தி எழுதினேன். முதல் மூன்று பக்கமும் சுமைகூலிக்கு. நாலாவது பயணத்தில் எலும்பு இல்லை, ஆனால் "அங்கே அவன் உயிர் பிழைப்பதற்காகச் செய்யக் கூடாதவற்றைச் செய்தான், அதைச் சுமைகூலியிடம் மறைக்கவுமில்லை, நீங்கள் பெரியவர்களானதும் வாசியுங்கள்" என்று எழுதினேன். அடிமைப் பெண்ணைத் திரும்பக் கொண்டுவந்தேன். அவளைப் பரிசாகச் சுமந்து போனவன் ஏழாவது பயணத்தில் தானே விற்கப்படுகிறான் என்பது கல்கத்தாப் பிரதியில் மட்டும் கிடைக்கும் ஒரு நியாயம். ஆகவே அதைப் பிள்ளைகளிடமிருந்து பறிக்க மனமில்லை. இரண்டு ஏழாவது பயணங்களையும் பதிப்புகளின் பெயரோடு வைத்தேன். 64 பக்கம் 80 ஆனது. குழுவினர் ஒரு மாதம் கழித்து மரியாதையாகப் பதில் எழுதினார்கள். இரண்டு முடிவுகள் இருந்தால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள், ஒன்றைத் தெரிவு செய்து தந்தால் அச்சுக்குப் போகலாம் என்று.

பேத்திக்கு இரண்டையும் வாசித்துக் காட்டினேன். அவளுக்கு ஒன்பது வயது. குழம்பவில்லை. யானை வருவது நல்லது என்றாள். சிறகு முளைப்பவர்கள் பொய் என்றாள். யானை சுமந்துகொண்டு போவது பொய்யில்லையா என்று கேட்டதற்கு, "யானை எங்கட ஊர்ல ஈக்கிதானே அப்பா" என்றாள். பிறகு, "அந்தக் கூலிக்காரன் ஏழு நாளும் ஏன் வந்தான்? காசுக்கா, கதைக்கா?" என்று கேட்டாள். சாப்பாட்டுக்காகவும் இருக்கலாம் என்றேன். அதை அவள் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

எட்டாவது பயணத்தையும் ஒரு தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். தலைப்பின் கீழே மூத்தாப்பாவின் பெயரும், பேருவளை என்றும் போட்டிருக்கிறேன். ஹஸரத் அதை எடுத்து வாசித்தார், இரண்டு தரம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்தக் கடன் எவ்வளவுன்டு உங்கட மூத்தாப்பா சென்னாரா?"

சொல்லவில்லை என்றேன். பிளேன்டீ ஆறிப்போயிருந்தது. இன்னொன்று போட்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தேன்.